அடுப்புக்கு விரித்த அலுமினியத் தாள்

இன்று என் நாத்தனாரைப் பெண் பார்க்கச் சென்னிமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள்.

அடுப்பு பளபளவென்று இருக்கட்டுமே என்று, வீடியோவில் பார்த்தபடி பர்னர்களைச் சுற்றி அலுமினியம் ஃபாயில் விரித்து வைத்தேன்.

காபிக்கு வைத்த பால் பொங்கியது. வழிந்தோட முடியாமல் அந்தத் தாளிலேயே குளமாகத் தேங்கி, பர்னரை அணைத்துவிட்டது. டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

"என்ன அம்மணி, அடுப்பு அணைஞ்சு கெடக்குது?" என்றபடி உள்ளே வந்த அத்தை லைட்டரை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு கேஸ் வாசம் அடித்தது.

அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"பத்த வெக்காதீங்க அத்தை! கேஸ் வருதுங்க!"

குமிழைத் திருகி மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். முன்னறையில் யாரோ சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். பால் படாத பக்கம்தான் அவர் கண்ணில் பட்டது. "அடுப்பு வெள்ளியாட்ட மின்னுதுங்களே! ஆரு செஞ்சதுங்க?"

அத்தை லைட்டரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் எங்க மருமக வேலைங்க."

இது பாராட்டா, புகாரா? மருமகள்கள் மட்டும் கமெண்டில் சொல்லுங்கள். மாமியார்கள் கொஞ்சம் ஒதுங்கியிருங்கள்.