நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது

என் தங்கைக்கு நாற்பத்தாறு வயதில் படிப்பு ஆசை வந்தது. பத்தொன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள், சிறப்புக் கல்வியில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வாரநாளில் பள்ளி, சனி ஞாயிறு கல்லூரி. துவைத்த துணி மடிக்க ஆளில்லாமல் நாற்காலியில் குவிந்து கிடக்கும். அவள் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான் திறந்தேன். இந்த வயதில் எதற்கடி வேண்டாத வேலை என்று கேட்டுப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருஷம் ஆய்வுக்கு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். தன் வகுப்பிலேயே உயிரை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணையே இவள் எடுத்தாள். அது ஓர் இடத்தில் உட்காராது. பாடம் நடக்கும்போதே எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்தக் குழந்தை நம் பள்ளிக்குச் சரிப்படாது, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று இவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை, அதே பள்ளியில் எழுத்தரான நானே தட்டச்சு செய்தேன். ஆய்வு முடியட்டும், அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் தலைமையாசிரியை.

ஆய்வின் முதல் பக்கங்களைக் கல்லூரிப் பேராசிரியை சிவப்பு மையால் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். பிடிவாதம், கவனக்குறைவு, சேட்டை, எல்லாவற்றிலும் அடித்தல் கோடு. இதெல்லாம் உங்கள் அபிப்பிராயம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றாராம். பாடம் நடத்திக்கொண்டே எழுத முடியாதே, வேறு ஆளை உட்காரவைத்துக் குறிக்கச் சொல்லியிருக்கிறார். அகப்பட்டது யார்? நான்தான்.

ஒரு வாரம் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். குழந்தை எழுந்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்றும் எழுத வேண்டும். முதல் நாள் 'திமிர்' என்று எழுதி நானே அடித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் தாளை விரித்துப் பார்த்தோம். நாற்பத்தோரு தடவை எழுந்திருக்கிறாள். அதில் முப்பத்தொன்பது தடவை, அதற்கு முன் ஒரே விஷயம்: ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"அவ சேட்டை பண்ண வரலடி. உன் வாயைப் பாக்க வர்றா," என்றேன்.

அடுத்த வாரம் தங்கையே குழந்தையையும் தாயையும் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை, இன்னொன்று பாதி. கடிதத்தைத் தலைமையாசிரியையிடமிருந்து திருப்பி வாங்கி, என் மேஜை முன்னால் நின்றே கிழித்தாள். இவள் திரும்பி நின்று பேசுவதை நிறுத்தியதும் அந்தப் பெண் எழுந்து வருவதும் நின்றது.

ஆனால் அறிக்கை பாக்கி இருந்தது. காது கேட்காததுதான் காரணம் என்று எழுதி முடித்துவிடு, நீ பலகையைப் பார்த்துப் பேசியதை எழுதி உன்னை நீயே ஏன் மாட்டிவிட்டுக்கொள்கிறாய், ஃபெயில் போட்டுவிடப் போகிறார்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"பாத்ததைத்தான்க்கா எழுதணும். நீயே பாத்தியே," என்றாள்.

வாய்மொழித் தேர்வில் பெரியவர் ஒருவர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம், பலகையைப் பார்த்துப் பேசுகிற இந்த ஆசிரியை புதிதாக வேலைக்கு வந்தவரா என்று.

"இல்லைங்க சார், பத்தொம்பது வருஷ சர்வீஸ். நான்தான்."

பாஸ் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் இன்னும் எத்தனை குழந்தைகளை உட்கார் உட்கார் என்று அதட்டியிருப்பேனோ அக்கா என்று, சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.