மடைக்காரிக்கு ராஜ ரத்தம்

மல்லாட்டை மண்டியில் ஒரு வேர்க்கடலைக் காய்கூட உரிக்காமல் கூலி வாங்கிய ஒரே பெண்பிள்ளை கெங்கம்மாள். திண்டிவனத்துப் பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் வரும் ராஜா கதையைப் படிப்பாள். அவள் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் உரித்து ஈடுகட்டிவிடுவார்கள். மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்தவள். எழுதியிருப்பதில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கதையில் ஏரி மடையைத் திறந்து மூடும் ஒரு மடைக்காரி வருவாள், சேரியில் பிறந்தவள். எதிரிப்படை வந்த சமயம் பார்த்து ஏரி மதகு பிடுங்கிக்கொள்ளும். ராஜாவும் மந்திரியும் கரையில் நின்று கையைப் பிசைய, இவள் மூச்சடக்கி உள்ளே இறங்குவாள். மதகை அடைத்து ஊரைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுவாள். அந்த வாரம் மண்டியில் அழாதவர்கள் இல்லை. இரண்டு வருஷத்துத் தாள்களையும் கெங்கம்மாள் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள்.

1962-ல் நாடக சபாச் செயலாளர் கிருஷ்ணசாமி அந்தக் கதையை மேடையேற்றக் கிளம்பினார். முழுக் கதையும் இவளிடம்தான் இருக்கிறதென்று தெரிந்து, தேடிவந்து வாங்கிப்போனார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாடகத்துக்கு மண்டிப் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்துப்போனாள்.

கடைசிக் காட்சி. மடைக்காரி செத்துக் கிடக்கிறாள். மந்திரி குனிந்து அவள் தோளில் ஒரு மச்சத்தைக் கண்டுபிடிக்கிறார். சின்ன வயதில் காணாமல் போன இளவரசியாம்! கொட்டகையே கைதட்டியது. கெங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேரிக்காரி ஊருக்காகச் சாவதற்குக்கூட ராஜ ரத்தம் ஓட வேண்டுமோ?

மேடைக்குப் பின்னால் போய்க் கிருஷ்ணசாமியிடமே கேட்டுவிட்டாள்.

"சும்மா ஒரு மடைக்காரி ஊரைக் காப்பாத்தினான்னா ஜனங்க ஒத்துக்குமாம்மா?" என்றார் அவர். அடுத்த வாரம் விழுப்புரத்திலும் இப்படியேதான் போடப்போகிறாராம். தாள்கட்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வாரத்துத் தாள்கள் ஒத்திகையில் எங்கேயோ கிழிந்து போய்விட்டன என்பதையும், ஏதோ வெற்றிலைக் காம்பு தொலைந்ததுபோல் சொன்னார்.

மறுநாள் மண்டியில் யாரும் அவள் முகம் பார்க்கவில்லை. முனியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"அவ ராஜா ஊட்டுப் பொண்ணுன்றத ஏன் படிக்காம மறைச்சே?"

கெங்கம்மாள் துடித்துப்போனாள். அப்படி எழுதவே இல்லை என்றாள். காட்டு என்றார்கள். காட்டத் தாள் எங்கே இருக்கிறது? அத்தனை ஜனத்துக்கு முன்னால் பொய் சொல்லுவாங்களா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இரண்டு வருஷம் தொண்டை வறளப் படித்தவள் ஒரே ராத்திரியில் புளுகுணி ஆகிவிட்டாள்.

"முனியம்மா, போன ஐப்பசி மழையில நம்ம ஏரி மதகு பிச்சிக்கினு போச்சே. அப்போ உள்ள எறங்கி அடைச்சிட்டுப் பொணமா மெதந்தாரே உன் வூட்டுக்காரு. அவரு தோள்ல எந்த மச்சத்தைப் பாத்தாங்க?"

முனியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தாளு இல்லாட்டி போவுது," என்றாள். "அவ தண்ணியில எறங்குன எடத்தைச் சொல்லு."