நீட்டிய சாவி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் உடம்புக்கு முடியாமல் படுத்ததில் ஸ்கூட்டர் கடனுக்கு இரண்டு தவணை நின்றுபோனது. வசூல்காரர் ஒருவர் விடியும் முன்பே போன் செய்வார். மத்தூரில் இருக்கும் என் அக்காவையும் கூப்பிட்டுத் திட்டினார். கடன் வாங்கியவள்தானே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கம்பெனி கேட்டிலேயே வழிமறித்தார். "தவண கட்ட வக்கில்ல, வண்டி மட்டும் கேக்குதா? சாவிய எடும்மா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். விட்டால் போதும் என்று சாவியை நீட்டிவிட்டேன்.

உடன் வேலை செய்யும் ஷமீம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு சாந்தி. ஏங்க, உங்க ஐடி கார்டு, கடன் குடுத்த கம்பெனியோட லெட்டரு, ரெண்டையும் காட்டுங்க" என்றார். அந்த ஆள் ஏதோ சொல்லி மழுப்பினார். அங்கிருந்தே கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போன் செய்து, அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அவர நாங்க எப்பவோ வேலைய விட்டு நிறுத்திட்டோம்மா. வண்டிய குடுத்துடாதீங்க" என்றார் மேலாளர்.

திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

கடன் இன்னும் தீரவில்லை. தவணையைக் கிளையிலேயே கட்டி ரசீது வாங்குகிறேன். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதியே இருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மீறினால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கிறேன். கடன் வாங்கியது நான்; அதற்காக என் அக்கா யாரிடமும் பேச்சு வாங்க வேண்டியதில்லை.