வெங்காயக்காரன் போகிறேன் என்றபோது

எங்கள் ஊருக்கு வேதம் சொல்ல ஒரு தோகோன்காரனை அனுப்பினார்களே, அந்தச் சபைப் பெரியவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தோகோன்காரர்கள் மலையில் வெங்காயம் போடுகிற குலம், நாங்கள் ஆற்றில் மீன் பிடிக்கிற போசோ குலம். தோகோன்காரன் வாயைத் திறந்தால் போசோக்காரன் சிரிப்பான். போசோக்காரன் திறந்தால் அவன் சிரிப்பான். இது முப்பாட்டன் காலத்து ஏற்பாடு. ஒரு பஞ்சத்தில் எங்கள் ஆள் தன் தொடையை அறுத்துச் சுட்டு, அவர்கள் பிள்ளையின் பசியை ஆற்றினானாம். அன்றிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கக் கூடாது, பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, எதிரில் கண்டால் கேலி பண்ணாமல் விடக் கூடாது. பானி ஆற்றங்கரையில் மீனைத் தவிர வேறொன்றும் அறியாத எங்களிடம், ஏனோக் கின்டோ இப்படித்தான் வந்து இறங்கினான்.

இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. படகிலிருந்து காலை எடுத்து வைத்தவன் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் பைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அவன் மனைவி யாபிரே மடியில் இரண்டு குழந்தைகளோடு படகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த நான் விடுவேனா?

"யோவ் வெங்காயம்! எங்க ஆத்துல வெங்காயம் முளைக்காதுய்யா!"

"அடியே மீன்காரி, உன் நாத்தம் எங்க மலை வரைக்கும் அடிச்சுது. என்ன செத்துக் கெடக்குன்னு பாக்க வந்தேன்!"

சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் சுவருக்கு அடுத்த வீட்டையே அவனுக்குக் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, லாரிச் சக்கரத்து இரும்பு வளையம் ஒன்றை வேப்பமரத்தில் தொங்கவிட்டு மணியாக அடித்தான். நாங்கள் ஐந்து வேளை தொழுகிறவர்கள். ஆனாலும் தோகோன்காரன் பிரசங்கம் என்றால் சும்மாவா, ஊரே கூடியது. அவன் நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் லஸ்ஸீனா எழுந்து நின்று, "நீச்சல் தெரியாதவன் நமக்கு வெள்ளத்தப் பத்திச் சொல்றாம்ப்பா, எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். கூட்டம் குலுங்கியது. பாவி மனுஷன், அவனும் சிரித்துவிட்டான். அத்தோடு பிரசங்கம் முடிந்தது. அடுத்த ஞாயிறு மரத்தடியில் அவன், யாபிரே, இரண்டு பெண் குழந்தைகள். பதினோரு வருஷமும் அந்த நாலு பேர்தான்.

அவனுடைய நாள் ஒரு பாட்டோடு ஆரம்பிக்கும். சுதி சேரவே சேராது. பிறகு சுரைக்குடுக்கையில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வெங்காயப் பாத்திக்கு ஊற்றுவான். எங்கள் மண்ணிலும் வெங்காயம் முளைத்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது. வெயில் ஏறும் முன் ஊரை ஒரு சுற்று. ஒரு வீட்டில் புண்ணைக் கழுவி மருந்து போடுவான், இன்னொரு வீட்டில் மகனிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவான். எழுந்திருக்கும்போது, "இயேசுவப் பத்தி ஒரு வார்த்த" என்பான். "உன் வெங்காயத்தப் பத்திச் சொல்லு, கேக்கறோம்" என்போம். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவான்.

லஸ்ஸீனா கால் முறிந்து மூன்று மாதம் கிடந்தபோது, காலையில் அவரைத் தூக்கி நிழலில் உட்கார வைத்ததும் ஏனோக்தான்.

"மெதுவாய்யா! நான் என்ன உங்க ஊர்க் கம்பு மூட்டையா?"

"கம்பு மூட்டைன்னா பிரயோஜனம் உண்டே. உன்னத் தூக்கி என்ன லாபம்?"

எங்களுக்குள் நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. சொன்னால் யாரோ அந்நியன் மாதிரி ஆகிவிடும்.

என் மகள் நெனே ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். சாவு வீட்டுக்குக் கேலி முறையுள்ள எதிர்க்குலத்தான் வந்து கோமாளித்தனம் பண்ண வேண்டும் என்பது எங்கள் முறை. செத்தவரைப்போல் நடித்துக் காட்டி, உள்ளவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஊரில் இருந்த தோகோன்காரன் அவன் ஒருவன்தான். வேதக்காரன் இதையெல்லாம் செய்வானா என்று பேசிக்கொண்டார்கள். வந்தான். கிழிந்த வலை ஒன்றை இடுப்பில் சுற்றி, என் மீன்கூடையைத் தலையில் கவிழ்த்து, நெனே மாதிரியே வயிற்றை முன்தள்ளி நடந்து வந்தான். "அம்மா, பெரிய மீனு எனக்கு, முள்ளு அப்பாவுக்கு" என்றான். அவள் தினமும் சொல்வது அது. நான் சிரித்தேன். மண்ணில் புரண்டு சிரித்தேன், பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

முகம் கழுவப் பின்பக்கம் போனபோது அவனைப் பார்த்தேன். மீன் சுடும் புகையடுப்புக்குப் பின்னால், இடுப்பில் அந்த வலையோடு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பதினோராம் வருஷம், மழைக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை ஏனோக் என் வாசலில் வந்து நின்றான். "வியாழக்கெழமப் படகுல கெளம்புறோம்" என்றான்.

"அப்பாடா! அந்த இரும்பு வளையத்தையும் கழுத்துல கட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

லஸ்ஸீனா, "நீ போனதும் ஊரே ஆத்துல ஒரு முழுக்குப் போடணும்யா" என்றார். எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், எங்கும் இதே கதைதான். அவனும் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். தோகோன்காரன் எங்களிடம் சொல்வதை யார் மெய்யென்று எடுப்பார்கள்?

புதன்கிழமை யாபிரே பாத்தியில் குனிந்து பிஞ்சு வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இன்னும் ஒரு மாசம் கெடக்கே! அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாளைக்கப்புறம் யாரு தண்ணி ஊத்துவா?" அவள் நிமிரவே இல்லை. "சபையிலருந்து கடுதாசி வந்துச்சு. ஒருத்தர்கூடச் சேராத ஊருக்கு ஆளு எதுக்கு, கெளம்பி வா, இருக்கணும்னா ஒரே ஒரு காரணம் எழுதுன்னு. மூணு நாளா அவரு வீடு வீடாப் போனாரு, ஒருத்தராச்சும் போகாதன்னு சொல்ல மாட்டீங்களான்னு. எல்லாரும் சிரிச்சீங்க. நீயும்தான. நாம இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்னுட்டாரு."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழன் காலை கரையில் ஊரே நின்றது. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அவனோடு பேச எங்களுக்கு இருந்த பாஷை ஒன்றே ஒன்று. "படகு ஓரமா ஒக்காராத, மீனுக்கு வயித்த வலிக்கும்" என்றார் ஒருவர். சொல்ல வேண்டியதை நான் விடிய விடிய யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், "யோவ் வெங்காயம், மலைமேல போயாச்சும் குளி" என்று வருகிறது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். படகுக்காரன் கழியை ஊன்றித் தள்ளினான்.

நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். இடுப்பளவு போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தேன்.

"ஏனோக்" என்றேன். அவன் பெயரை அதுவரை நான் சொன்னதே இல்லை.

"நெனே செத்த அன்னிக்கு அடுப்புக்குப் பின்னாடி நீ அழுதத நான் பாத்தேன். ஆறு வருஷமா உங்கிட்டச் சொல்லல. எம்புள்ளைக்காக இன்னொருத்தனும் அழுதாங்கிற ஒண்ணுலதான் மறுநாள் எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன். உன் வேதம் எனக்கு வேணாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ போகாத. இது கேலி இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. லஸ்ஸீனா தலையைக் குனிந்துகொண்டார். ஏனோக் எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதான். முதலில் இறங்கினது யாபிரேதான், பெண்கள் இருவரையும் ஒவ்வொருத்தியாகக் கைபிடித்து இறக்கி என்னிடம் விட்டாள்.

"இத எழுதலாமா?" என்று அவன் கேட்டான். "காரணம்னு?"

"எழுது."

அதற்குப் பிறகு பெரிய சங்கடமாகப் போயிற்று. "சுகமா விடிஞ்சுதாம்மா, தெனெம்பா?" என்று கேட்பான். "விடிஞ்சுதுங்க ஐயா" என்பேன். தலையைத் தூக்காமல் மீனைக் கழுவுவேன். அவனும் சுவர் ஓரமாகத் தலையைக் குனிந்து போவான். நாலு நாள் இப்படி. அந்த ஒரு பேச்சோடு எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, இனி மரியாதையாகவே இருந்துவிட்டு ஒருநாள் மரியாதையாகவே போய்விடுவான் என்று பயந்தேன்.

ஐந்தாம் நாள் காலை மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏ மீன்காரி! என்ன எழவத்தான் அறுக்குற? எம்புள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டுக் கஞ்சி குடிக்குதுங்க!"

"நீ மொதல்ல பாடுறத நிறுத்துய்யா! உன் பாட்டக் கேட்டு ஆத்து மீனெல்லாம் அக்கரைக்கு ஓடிருச்சு!"

கத்திவிட்டு, செதில் ஒட்டிய கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவன் இங்கேதான் இருக்கப்போகிறான் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.