தனித் தொட்டியும் தாமிரக் குடமும்

மைசூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏதாவதொரு மலையை இறங்கினால்தான் கடல். எங்கள் வீட்டில் மட்டும் அது கூடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி, நான்கடி நீளத்துக்கு, மேலே ஒரு விளக்கோடு இருக்கிறது.

அது என் மனைவியின் கடல். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் தண்ணீரைச் சோதித்தவள் அவள். வேலையை விட்டு வந்த பிறகும் அவளுக்குத் தண்ணீரைச் சோதிக்காமல் இருக்க முடியவில்லை. வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பைக் கலந்து, அளந்து, மறுபடி கலந்து, கடைசியில் இரண்டு மீன்களை விட்டாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. பெரியது பெண், சிறியது ஆண். கூடவே பாறைகள், இரண்டு இறால், சில நத்தைகள். ஐந்து வருடமாக அந்த ஜோடி தொட்டியின் இடது மூலையை விட்டு நகர்ந்ததில்லை. நானோ கவிதை எழுதுகிறவன் என்று பெயர், ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன். "அதுங்களப் பாருங்க, ஒரு மூலை போதுங்குது" என்பாள்.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. புதிய மீன் எதுவானாலும் முதலில் தனித் தொட்டியில் ஒரு மாதம் இருக்க வேண்டும். அதற்கென்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று பரணில் கவிழ்ந்து கிடந்தது.

அக்கா மகளின் பிரசவத்துக்கு, கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் அனூருக்குக் கிளம்பினாள். மூன்று வாரம். போவதற்கு முன் சமையலறைத் தாமிரக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று, ஃபில்டர் தண்ணீர் நிரப்பி வைத்தாள். நாங்கள் குடிக்கும் தண்ணீர் எப்போதும் அதில்தான். மீன் தொட்டியில் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட இரண்டு வெள்ளைக் கேன்கள் தனியாக. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங், புதுசா எதையும் உள்ள உட்ராதீங்க."

"நான் என்ன சின்னப் பையனா?"

"சின்னப் பையனா இருந்தா சொன்னாக் கேப்பானுங்."

ஐந்து நாள் தாங்கினேன். வீடு முழுக்க நடந்தேன். மொட்டை மாடிக்குப் போய் சாமுண்டி மலையைப் பார்த்துவிட்டு இறங்கினேன், மறுபடி ஏறினேன். குடத்துத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. டீயும் வெளியே, தண்ணீரும் வெளியே. ஆறாம் நாள் மீன் தீனி வாங்க அலங்கார மீன் கடைக்குப் போனேன். அங்கே ஒரு நீல மீன். போன மாதம் இதே போன்ற ஒன்றின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றது ஞாபகம் வந்தது. அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையின் ஜிப்பை மட்டும் திறந்து மூடினாள்.

கடைக்காரர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். "மேடம் ஊர்ல இல்லையா? அப்படின்னா பேடா சார், வேண்டாம். இது நாசூக்கான சாதி. தனியா வெச்சுப் பாக்காம விடாதீங்க."

"தனியாத்தான் வெப்பேன்" என்றேன். சொல்லும்போது அது பொய்யில்லை. வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தபோதுதான் பொய்யானது. ஏணி எடுக்க வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், உப்புத் தண்ணீர் கலந்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்னால் ஆகிற காரியமில்லை. பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, நீலத்தைப் பெரிய தொட்டிக்குள் விட்டுவிட்டேன்.

அழகாகத்தான் இருந்தது. மாலை வெளிச்சம் ஒன்று வழி தவறி எங்கள் கூடத்துக்குள் வந்து, வெளியே போகத் தெரியாமல் சுற்றுவதைப் போல. அவள் வந்து கதவைத் திறக்கும்போது சொல்லாமல் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள். யாரோ ரவையைத் தூவிவிட்டதைப் போல. மறுநாள் சிறிய ஆண் மீன் பாறையில் உடம்பைத் தேய்த்தது. சாயங்காலம் பெரியதும் தேய்த்தது. போட்ட தீனியை இரண்டும் தொடவில்லை.

அன்றைக்கும் அவள் அழைத்தாள். "மீனு சாப்பிட்டுதுங்களா?"

"சாப்பிட்டுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

மறுநாள் காலை கடைக்காரர் முன்னால் நின்றேன். அவர் திட்டவில்லை, மேடத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்கினார். அது ஒட்டுண்ணி. அதற்கு மருந்து தாமிரம். ஆனால் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துப்போகும். மூன்று மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுக்க வேண்டும். பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீனே இல்லாமல் கிடக்க வேண்டும். ஒட்டிக்கொள்ள உடம்பு கிடைக்காமல் பூச்சி பட்டினியில் அழியும். மருந்துப் புட்டியும், தாமிர அளவைப் பார்க்கும் சோதனைப் பெட்டியும் கொடுத்தார். "முதல்ல டெஸ்ட் பண்ணுங்க சார். அப்புறம் மருந்து."

பரணில் ஏறினேன். தொட்டியைக் கழுவிப் பின்கட்டில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தேன். மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். காற்றுக் குழாய், ஹீட்டர், வெப்பமானி. பெரிய தொட்டியின் பின்பக்கத் தடுப்புக்குள் அவள் ஒரு பஞ்சு ஃபில்டரை எப்போதும் ஊறவிட்டிருப்பாள். அழுக்கைச் செரிக்கும் நல்ல கிருமிகள் அதில் குடியிருக்கும், ஆபத்துக்கு உதவும் என்று. ஆபத்து நான்தான் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு ஓனரம்மா துணி உலர்த்த வந்தவர் நின்று பார்த்தார். "ஏனு சார், மீனுக்கும் ஐசியூவா?"

"ஆமாம்மா. உடம்பு சரியில்லை."

"கல்லுப்பு ஒரு பிடி போடுங்க சார். எங்க தொட்டி மீனுக்கு நான் அதான் போடறது."

"இது ஏற்கெனவே உப்புத் தண்ணி மீன்மா."

அவர் யோசித்தார். "அப்போ சக்கரை போட்டுப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தனித் தொட்டிக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு கேனிலும் மிச்சம் இருந்தது நாற்பது. ஃபில்டர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. பத்து லிட்டருக்கு மத்தியானம் ஆகிவிடும். சமையலறை மேடையில் பளபளவென்று குடம். அதிலும் ஃபில்டர் தண்ணீர்தானே. தூக்கிக் கவிழ்த்தேன்.

உப்பு கலந்து, சூடு ஏற்றி, அந்தப் பஞ்சு ஃபில்டரையும் உள்ளே போட்டு, இரவு முழுக்கப் பம்ப் ஓடவிட்டு, மறுநாள் காலை பெரிய தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மீன்களைப் பிடித்தேன். ஐந்து வருடம் ஒரு மூலையில் இருந்தவை முதன்முறையாகத் தொட்டி முழுக்க ஓடின. அவற்றைத் துரத்திய என் கையை எனக்கே பிடிக்கவில்லை. வலையில் சிறியது எடையே இல்லாமல் துடித்தது. புட்டியில் போட்டிருந்த கணக்குப்படி ஐம்பது லிட்டருக்கு மருந்தை ஊற்றினேன். சோதனைப் பெட்டியின் உறையைப் பிரிக்கவில்லை. தாமிரம் இனிமேல்தானே ஊற்றப் போகிறோம், இல்லாததை எதற்குச் சோதிப்பது?

மத்தியானத்துக்குள் மூன்றும் மூச்சு வாங்கின. நீலம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பெரியது குழாய்க்குள் போய்த் திரும்பாமல் நின்றது. சிறியது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

அனூருக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலம், புள்ளி, இரண்டு நாளாகச் சொன்ன 'சாப்பிட்டுது', எல்லாம். அவள் பக்கம் பச்சைக் குழந்தை அழுதது. யாரையோ பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள் போல; அழுகை தூரமாயிற்று.

"தாமிரம் எவ்வளவு காட்டுதுங்?"

"பார்க்கலை."

"இப்பப் பாருங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

குப்பியில் ஐந்து மில்லி எடுத்து, சொட்டு விட்டு, ஆட்டினேன். பெட்டியோடு வந்த நிற அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிக் கறுத்தது. சொன்னேன்.

"மருந்து மட்டும் போட்டா இவ்வளவு வராதுங்களே. தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க?"

"கேன்ல இருந்து."

"கேன்ல நாப்பதுதான் இருக்கும். மிச்சம்?"

பின்கட்டிலிருந்து சமையலறை மேடை தெரிந்தது. குடம் தெரிந்தது. அப்போதுதான், அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"குடத்துல இருந்து" என்றேன்.

"புளி போட்டு வெளக்கின குடம். பத்து நாளாக் குடிக்காம வெச்ச தண்ணி." அவள் குரல் உயரவில்லை. பரிசோதனைக் கூடத்தில் யாருக்கோ அறிக்கை வாசிப்பதைப் போல இருந்தது. "தேய்ச்ச தாமிரம் ஃபில்டர் தண்ணிக்குள்ள நல்லா இறங்கும். நமக்கு ஒண்ணும் ஆகாதுங். அதுங்களுக்கு நீங்க மருந்தை ரெண்டு தடவை கொடுத்திருக்கீங்க."

குப்பியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினேன்.

"அழுவறதுக்கு அப்பறம் நேரம் இருக்குங். மொதல்ல தண்ணி பிடிங்க."

எங்கள் தெரு முனையில் நாணயம் போட்டால் சுத்தத் தண்ணீர் கொடுக்கும் கூடம் உண்டு. ஸ்கூட்டரின் காலடியில் கேனை வைத்து இரண்டு நடை. பிளாஸ்டிக் வாளிகளில் உப்புக் கலந்து, ஹீட்டரை மாற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் கையாலும் பம்பாலும் சுழற்றி, சூடும் உப்பும் சரியாக வந்த பிறகு பழைய தண்ணீரில் பாதியை எடுத்து இதை மெல்ல விட்டேன். சோதித்தேன். இன்னும் அதிகம். மறுபடியும் கொஞ்சம் மாற்றினேன். அட்டையின் நடு நிறத்துக்கு வந்து நின்றது.

நீலம் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தேன். மண்ணுக்குள் போகிற வரை அந்த நிறம் மங்கவேயில்லை.

அதன் பிறகு ஓரிடத்தில் உட்காரக் கற்றுக்கொண்டேன், துவைக்கும் கல்லின் மேல். காலையும் மாலையும் தாமிரம், நாளுக்கொரு முறை அம்மோனியா, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றம். எல்லாம் நோட்டில். பெரியது மூன்றாம் நாள் தின்றது. சிறியது தின்னவில்லை. போட்ட தீனி அதன் மூக்கைத் தொட்டு இறங்கி அடியில் கிடக்கும்; நான் குழாயால் உறிஞ்சி எடுப்பேன். தினமும் அவள் கேட்பாள், தினமும் இல்லை என்பேன். இல்லை என்று சொல்வது அவ்வளவு கனமான வேலை என்று அதுவரை தெரியாது.

ஏழாம் நாள் ஒரு துணுக்கு இறாலை வாயில் எடுத்துத் துப்பியது. மறுபடி எடுத்தது. துப்பவில்லை.

நானே அழைத்தேன். "சின்னது சாப்பிட்டுது."

"நெசமாலுங்களா?"

"நிஜமா."

"சரிங்" என்றாள். அந்தச் சொல்லோடு என் இரண்டு நாள் பொய்யில் ஒரு நாளாவது கழிந்திருக்கும்.

கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கியவள் பையைக்கூட வைக்காமல் பின்கட்டுக்குப் போனாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். புள்ளிகள் போயிருந்தன. பிறகு துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

"நீங்க எழுதினதுலயே எனக்கு முழுசாப் புரிஞ்சது இதுதானுங்."

அவ்வளவுதான். திட்டு வரும் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. குடத்தைத் தேய்த்து மறுபடி நிரப்பினாள். அதிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீனில்லாமல் கிடந்தது. விளக்கு நேரத்துக்கு எரிந்தது, அலை நேரத்துக்கு அடித்தது, இறால்கள் கல் மாறிக் கல் ஏறின. இடது மூலை மட்டும் காலி. யாரும் வராத வீட்டில் விளக்கேற்றி வைத்ததைப் போலிருந்தது. அவளும் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை; மாலை நேரம் பின்கட்டிலேயே எங்களுக்குக் கழிந்தது.

ஜோடியைத் திரும்ப விட்ட நாளில் அவை ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் நேராக இடது மூலைக்குப் போயின. தனித் தொட்டியை நான் பரணில் ஏற்றத் தூக்கினேன்.

"அது அங்கயே இருக்கட்டுங்" என்றாள். கண் தொட்டியிலேயே இருந்தது. "அந்த நீலம் இன்னொண்ணு வாங்கிட்டு வரலாம். மொதல்ல ஒரு மாசம் இங்க."

அன்று மத்தியானமே ஐம்பது லிட்டர் நிரப்பி உப்பு கலந்தேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எங்கிருந்துங்?"

"ஃபில்டர்ல இருந்து. காலைல இருந்து உட்கார்ந்து பிடிச்சது."

சோதனைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். நான் குப்பியை நீட்டினேன்.