அம்மாவுக்கு எதிராக ஒரு விவாதம்

இன்று தெரணியகலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கும் ஒரு மாணவியும் அவள் அம்மாவும் இருந்தார்கள்.

“தோட்டத்து ஆளுங்களுக்குக் காணி குடுக்கக் கூடாது. குடுத்தாலும் வச்சுக்கத் தெரியாது!” என்று அடித்துப் பேசினாள் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் விரல்களில் தேயிலைக் கொழுந்து பறித்த கறை.

“அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே?” என்று கேட்டேவிட்டேன்.

“நாளைக்கு கெம்பஸ்ல விவாதம்ங்க. இந்தப் பக்கத்த நானே கேட்டு வாங்குனேன். போன தடவ எதிரணி இதச் சொன்னப்ப மேடையிலேயே அழுதுட்டேன். இப்ப நானே சொல்லிப் பழகுறேன்.”

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குரல் நடுங்குது புள்ள. மறுபடி சொல்லு.”

நேற்று இங்கே ஃபேஸ்புக்கில் என்னை மறுத்துப் பேசிய நண்பரை பிளாக் செய்திருந்தேன். அந்த பிளாக்கை எடுத்துவிட்டேன் என்று யாராவது அவரிடம் சொல்லுங்கள்.