படலை இல்லாத வேலி: கிளிவெட்டி மேய்ச்சல் தரையில் ஒரு நாள்

காய்ந்த மேய்ச்சல் தரை மெல்ல மெல்லப் பாலையாவதைத் தடுக்க ஏலுமா என்று ஆராய, எங்கள் குழு ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருந்தது. தரையை இரண்டு வருடம் வேலியடைத்து, மாடு போகாமல் விட்டுப் பார்ப்பதுதான் யோசனை. நிலத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று அடம்பிடித்தவள் நான். அதனால் போன ஆவணியில் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டவளும் நான்தான்.

காலை ஆறரைக்கு மூதூர் பஸ். இடதுபக்க யன்னலோரம் பிடியுங்கள். கிண்ணியாப் பாலத்தில் குடா முழுவதும் தெரியும். மூதூரில் ஆப்பமும் பிளேன்டியும் முடித்து, நிசார் நானாவின் ஆட்டோவில் ஏறினேன்.

"மண் பாக்கவா இவ்வளவு தூரம்? தோப்பூர்லயும் மண் இரிக்கே மிஸ்!" என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கிளிவெட்டி வயல்களைத் தாண்டியதும் தரை வெளுத்துவிட்டது. கச்சான் காற்று புழுதியை வாரி வாய்க்குள் போட்டது. நாற்பது மாடுகளைத் தனியாகப் பார்க்கும் பரமேஸ்வரி அக்கா தன் மாட்டுப்பட்டியருகே காத்திருந்தார். ஆட்டோ சீற்றில் வரைபடத்தை விரித்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"வேலி நல்லாத்தான் கீறியிருக்கிறீங்கள் தங்கச்சி. படலை எங்க?"

நான்கு பக்கமும் கம்பி, வாசல் இல்லை. வேலிக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் கீறிய வேலி அது! நிசார் நானா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் மூடினால்தான் புல் வேர்பிடிக்கும், இடையில் திறந்தால் ஆராய்ச்சியே பாழ் என்று வாதாடினேன்.

"ஐப்பசியில விதைச்சால் மாசி அறுவடை வரைக்கும் வயல் பக்கம் மாட்டை விட ஏலாது. இந்தத் தரைதான் கதி. இதையும் அடைச்சால் மாடு வயலுக்க இறங்கும். பிறகு நான் மாட்டை விக்கிறதுதான்."

இரண்டு பேருக்கும் வேண்டியது அதே மழை, அதே புல். ஒரு மரநிழலில் குந்தி மத்தியானம் வரை கதைத்தோம். கடைசியில் தரையை இரண்டாக்கினோம்: ஒரு பாதி இந்த மழைக்கு மூடுவது, மறுபாதி அடுத்த மழைக்கு.

"மழை பிழைச்சால்?" என்றார் அக்கா.

"படலையைத் திறவுங்கோ. ஆனால் எனக்குச் சொல்லவேணும்."

"சொல்லுவன். பூட்டுத் திறப்பு என்னட்டத்தான் இருக்கும்."

திரும்பி வரும்போது உடம்பெல்லாம் புழுதி, மனமெல்லாம் சந்தோஷம். குழுவினர்தான் முறைத்தார்கள்: திறப்பை மாட்டுக்காரரிடமே கொடுப்பதா? ஒரு சிறு துண்டை மட்டும் அடைத்துப் பார்ப்போம் என்று ஒருவாறு சம்மதித்தார்கள். புரட்டாசியில் கம்பி கட்டினோம், படலையோடு.

இப்படியான வேலைக்குப் போகிறவர்கள் ஆவணியிலேயே போங்கள். மார்கழியில் எல்லாம் பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஆட்டோக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். வரைபடத்தைப் பென்சிலால் கீறுங்கள்.

கார்த்திகையில் அக்கா தொலைபேசி எடுத்தார். மழை பிந்திவிட்டதாம், வேலிக்கு வெளியே புல் குறைவாம். படலையைத் திறந்துவிட்டதைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"உள்ளுக்க புல் முழங்காலளவு நிக்குது தங்கச்சி. மாடெல்லாம் வேலியோரம் நிண்டு என்னையே பாக்குதுகள்" என்றார். பிறகு, "நான் இன்னும் திறக்கேல்ல."